சேர்க்கை சரியில்லை

முன்னொரு காலத்தில், பரிசலுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று ஒரு ராஜசபையே கூடி விவாதித்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் சீக்கிரம் ஆறிவிடும். பசி வந்தால்தான் ஆறாது.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். யாராவது ஒருவருக்குத் தண்டனை கொடுத்தாக வேண்டும். ஒருவருக்கும் தண்டனை கொடுக்காமல் எழுந்துபோனால் அவருக்குச் சோறு இறங்காது.

இதனால் அந்த நாட்டில் குற்றங்கள் குறைந்துவிடவில்லை. தண்டனைகள் மட்டும் தவறாமல் நடந்தன. மடைப்பள்ளியிலிருந்து ரசம் கொதிக்கும் வாசனை சபைக்குள் வந்ததும், ராஜாவுக்குக் கிட்டத்தில் நிற்பவர் பாடு ஆபத்துதான். விவரம் தெரிந்தவர்கள் உச்சிவேளை நெருங்கும்போதே தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள்.

அந்தச் சபையில் ஊசிநாதன் என்று ஒரு விகடன் இருந்தான். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். ராஜாவுக்கு அவனிடம் பிரியம். அந்தப் பிரியத்தாலேயே தலைமை மந்திரிக்கும் சேனாதிபதிக்கும் அரண்மனை ஜோசியருக்கும் அவனைக் கண்டால் ஆகாது. இந்த மூவரும் இரண்டே விஷயங்களில்தான் ஒத்துப்போவார்கள். ஒன்று, ஊசிநாதனை நாட்டைவிட்டு அனுப்பவேண்டும். இன்னொன்று, தங்கள் பிள்ளைகளைப்போல் உத்தமப் பிள்ளைகள் பூலோகத்தில் கிடையாது.

அந்த உத்தமர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மந்திரி மகன் பெயர் குணசீலன். அவன் கடைத்தெருவில் குதிரையை விரட்டினால் பழக்கூடைகள் பறக்கும். சேனாதிபதி மகன் சாந்தரூபன். அவன் கையில் கவண் இருந்தால் தண்ணீர்க்குடத்தோடு ஒரு பெண்ணும் தெருவில் நடமாட முடியாது. ஜோசியர் மகன் சுபசகுனன். அவன் எதிரே வந்துவிட்டால் ஊர்க்காரர்கள் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். மூவருக்கும் பதினாறு, பதினேழு வயது. அரும்புமீசை.

புகார் சொல்லப்போனவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். "பழக்கூடையைத் தெருவில் வைத்தது யார்?" என்பார் மந்திரி. "குடம் ஏன் அவ்வளவு லேசில் உடைந்தது?" என்பார் சேனாதிபதி. ஜோசியர் புகார்க்காரனின் நட்சத்திரத்தைக் கேட்டு, கண்ணை மூடித் திறந்து, "உனக்கு நேரம் சரியில்லை" என்று அனுப்பிவிடுவார்.

ஆடிமாதம் ஆற்றில் புதுவெள்ளம் வந்தது. அதற்கு மறுநாள், பிளந்துபோன பரிசலின் ஒரு பாதியைத் தலையில் சுமந்துகொண்டு சபைக்குள் வந்து நின்றாள் மாதம்மா. மூங்கில் பட்டைகள் விலா எலும்புபோலத் துருத்திக்கொண்டிருந்தன. அவளுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் போனபிறகு பன்னிரண்டு வருஷமாகத் தனியாகத் துறையில் பரிசல் ஓட்டுகிறவள். அக்கரை ஊர்களுக்குப் பால்காரர் முதல் மருத்துவச்சி வரைக்கும் அவள் பரிசலில்தான் போகவேண்டும்.

"என்னம்மா சங்கதி?" என்றார் ராஜா.

"சாமி, நேத்து மத்தியானம் வெள்ளம் கூடுதேன்னு பரிசலைக் கரையில கவுத்துப் போட்டுட்டுக் கஞ்சி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா, நடு ஆத்துல பம்பரமாட்டம் சுத்துது. உள்ள நாலு பசங்க, என்னோட ஆடு ஒண்ணு. நாலு பேரும் நாலு பக்கமாத் துழாவுறாங்க. ஒருத்தன் கெழக்க இழுக்க, ஒருத்தன் மேக்க இழுக்க, பாறையில போய் முட்டி ரெண்டாப் பொளந்துடுச்சு."

"ஐயோ! ஆடு?" என்றார் ராஜா. அவருக்கு ஆட்டின்மேல் இரக்கம் உண்டு.

"அது நீந்திக் கரையேறி, நேரா வீட்டுக்குப் போயிடுச்சு சாமி. அந்தப் பரிசல்ல புத்தி இருந்தது அதுக்கு மட்டும்தான். பசங்களை நான்தான் குதிச்சு, முடியப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டேன். மூச்சு வந்ததும் மொத வார்த்தை என்ன சொன்னாங்க தெரியுமா? 'முடிய விடு, எங்கப்பா யாருன்னு தெரியுமா?'ன்னாங்க."

"நாலு பேரா?" என்று கேட்டார் ராஜா.

மூன்று தகப்பன்மாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "மூன்று பேர்தான் மகாராஜா. அவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்கள். பதற்றத்தில் இவளுக்கு மூன்று நாலாகத் தெரிந்திருக்கும்" என்றார் மந்திரி.

"ஆமாம், ஆமாம், மூன்று என்றே வைத்துக்கொள்வோம்" என்று ராஜா சற்று வேகமாகவே சொன்னார். தூணுக்குப் பின்னால் நின்ற ஊசிநாதன் மெல்லத் தலையை நீட்டி, ராஜாவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

மந்திரி தொண்டையைச் செருமினார். "மகாராஜா, குற்றம் எங்கே இருக்கிறது என்று இந்தப் பரிசலைப் பார்த்தாலே புரியும். இது வட்டமாக இருக்கிறது. ஓடம் என்றால் முன்பக்கம் கூராக இருக்கும். போகவேண்டிய திசையை அதுவே காட்டிக்கொடுக்கும். முன்னும் பின்னும் இல்லாத ஒரு வஸ்துவைக் கரையில் வைத்தால், பாவம், பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள்?"

சபை தலையாட்டியது. பரிசலின் முன்பக்கம் எது என்று கால் நாழிகை விவாதம் நடந்தது. ஏறுகிற பக்கம்தான் முன்பக்கம் என்றார் ஒருவர். அப்படியானால் இறங்கும்போது அது பின்பக்கமாகிவிடாதா என்று மடக்கினார் இன்னொருவர்.

"அதுமட்டுமல்ல, பரிசலைச் சங்கிலி போட்டுப் பூட்டவில்லை. 'வா, வா' என்று கூப்பிடுவதுபோல் வைத்திருக்கிறாள். இளம் பிள்ளைகள், கூப்பிட்டால் போகமாட்டார்களா?" என்றார் சேனாதிபதி.

ஜோசியர் குரல் தழுதழுக்கச் சொன்னார்: "என் மகனின் உச்சந்தலையில் ராஜயோகச் சுழி இருந்தது, மகாராஜா. இவள் முடியைப் பிடித்து இழுத்ததில் சுழி கலைந்துவிட்டது. அதற்கு யார் பரிகாரம் செய்வது?"

அப்போது மடைப்பள்ளியிலிருந்து ரசத்தின் வாசனை வந்தது.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். சபையில் பாதிப்பேர் தூண்களுக்குப் பின்னால் மறைந்தார்கள். நடுவில் தனியாக நின்றது மாதம்மா மட்டும்தான். "வட்டமான பரிசலைப் பூட்டாமல் வைத்த குற்றத்துக்காக, பரிசல்துறை உரிமையை இவளிடமிருந்து..."

"சாமி!" மாதம்மா தலைச்சுமையைத் தொப்பென்று கீழே போட்டாள். "துறையைப் புடுங்கிட்டா நான் எங்க போவேன்? எனக்குத் தரையில நடக்கறதவிட ஆத்துல துடுப்புப் போடத்தான் நல்லாத் தெரியும்."

"மகாராஜா, ஒரு நொடி" என்று ஊசிநாதன் தூணுக்கு முன்னால் வந்தான். ரச வாசனை வந்தபிறகு ஒருவன் தூணைவிட்டு வெளியே வந்தது அந்தச் சபையில் அதுவே முதல் தடவை. "பெரியவர்களிடம் எனக்கு ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். தங்கள் பிள்ளைகள் நல்லவர்கள்தானே?"

"தங்கம்!" என்றார்கள் மூவரும்.

"அந்தத் தங்கங்கள் கேட்காமல் ஏன் பரிசலில் ஏறின?"

மூவரும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரே குரலில் சொன்னார்கள்: "சேர்க்கை சரியில்லை!"

"அப்படியானால் பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை?"

"இல்லவே இல்லை. எல்லாம் சேர்க்கையால் வந்தது."

ஊசிநாதன் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினான். "குற்றவாளி அகப்பட்டுவிட்டான் மகாராஜா. மூன்று பெரிய மனிதர்கள் ஒருமுகமாகச் சாட்சி சொல்லிவிட்டார்கள். குற்றம் செய்தது மாதம்மா அல்ல. சேர்க்கை என்கிறவன்."

ராஜா முகம் மலர்ந்தது. "அப்படியா! யார் அந்தச் சேர்க்கை? எங்கே இருக்கிறான்? பிடித்து வாருங்கள்!"

மந்திரிக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு ஆள் கிடையாது. இல்லாத ஆளைப் பிடிக்கிற வேலையை ஊசிநாதன் தலையிலேயே கட்டிவிட்டால்? "மகாராஜா, கண்டுபிடித்தவன் ஊசிநாதன். அவனே பிடித்து வரட்டும். ஐந்து நாள் தவணை. பிடிக்காவிட்டால் மாதம்மாவும் அவனும் அதே நாளில் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"சம்மதம்" என்றான் ஊசிநாதன். "ஆனால், மகாராஜா சாப்பிடவேண்டும். தண்டனை சொல்லாமல் எழுந்தால் சோறு இறங்காதே. சேர்க்கைக்கு இன்ன தண்டனை என்று இப்போதே சொல்லி முத்திரை வைத்துவிட்டால் நல்லது. கடுமையாக வேண்டுமா, லேசாக வேண்டுமா என்று பாதிக்கப்பட்ட தகப்பன்மாரையே கேட்டுவிடுங்கள்."

இல்லாத ஆளுக்குத் தண்டனை கொடுப்பதில் யாருக்குத்தான் கஞ்சத்தனம் வரும்? சேர்க்கை எவனாக இருந்தாலும் தன் கையாலேயே மூங்கில் பிளந்து, தோல் போர்த்தி, மாதம்மாவுக்குப் புதுப் பரிசல் கட்டித் தரவேண்டும் என்றார் சேனாதிபதி. பிறகு நாற்பத்தெட்டு நாள் துறையிலேயே கிடந்து, சனங்களை ஏற்றி இறக்கவேண்டும். குடை, செருப்பு, பல்லக்கு எதுவும் கூடாது. மாதம்மா ஊற்றுகிற கூழைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்றார் ஜோசியர். அவர் கொஞ்சம் சாப்பாட்டுப்பிரியர், அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை தோன்றவில்லை. கடைசியாக மந்திரி எழுந்தார். "அவனுக்காக எவனாவது பரிந்து பேசினால், பேசியவனுக்கும் அதே தண்டனை!"

"பிரமாதம்!" என்றார் ராஜா. ஓலையில் எழுதி, முத்திரை மோதிரத்தை அழுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அன்றைக்கு இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாசலில் மாதம்மா ஊசிநாதனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, என் ஒருத்தி பொழப்பு போனது பத்தாதுன்னு நீயும் கூட வந்து விழுந்தியே. சேர்க்கைன்னு ஒருத்தன் இருக்கானா?"

"இருக்கிறான் அம்மா. ஆனால் ஒரே ஆள் இல்லை. கொஞ்சம் அடையாளம் கேட்டு எழுதவேண்டும்."

மறுநாள் காலை அவன் எழுத்தாணியும் ஓலையுமாக மந்திரி வீட்டுக்குப் போனான். கூடத்து ஊஞ்சலில் குணசீலன் படுத்துக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, பரிசல் உடைந்துபோனதற்கு வருத்தமா?"

"எங்கப்பா பாத்துக்குவார்" என்றான் குணசீலன்.

"அடுத்த தடவை ஆற்றில் விழுந்தால்?"

"அதான் சொல்றேனே, எங்கப்பா பாத்துக்குவார்."

"அவருக்கு நீந்தத் தெரியுமா?"

குணசீலன் முறுக்கை வாயில் வைத்தபடி கொஞ்சம் யோசித்தான். அதற்குள் மந்திரி வந்துவிட்டார். ஊசிநாதன் அவர் காதருகே போய்ச் சொன்னான்: "சேர்க்கையைப் பிடிக்க அங்க அடையாளம் வேண்டும் ஐயா. தங்கள் பிள்ளையைக் கெடுத்தவன் யார்? எழுதிக் கொடுத்தால் போதும். என் வாயால் ஒருவரிடமும் சொல்லமாட்டேன்."

மந்திரி வாசல்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேறு யார்? அந்தச் சேனாதிபதி மகன் சாந்தரூபன்தான். இவன் வீட்டில் தாயம் ஆடிக்கொண்டிருந்தவன். அவன்தான் வந்து 'ஆற்றுக்குப் போகலாம்' என்று இழுத்துப்போனான். அவன் மாட்டிக்கொண்டால் நல்லதுதான்." சொன்னதோடு ஓலையை வாங்கித் தன் கையெழுத்தையும் கீறிக்கொடுத்தார்.

சேனாதிபதி வீட்டில் வேலை இன்னும் சுலபமாக முடிந்தது. "ஜோசியன் மகன்!" என்று அவர் மீசையை முறுக்கினார். "அன்றைக்கு நல்ல சகுனம் என்று சொல்லி ஏற்றிவிட்டதே அவன்தான். என் பையன் வெள்ளந்தி. யார் என்ன சொன்னாலும் நம்புவான்." ஊசிநாதன் கேட்பதற்கு முன்பே ஓலையைப் பிடுங்கி எழுதினார்.

ஜோசியர்தான் நழுவினார். "சனி பார்வை" என்றார்.

"சனி பகவானையா நாற்பத்தெட்டு நாள் பரிசல் ஓட்டச் சொல்வது? அவர் ஒரு ராசியைத் தாண்டவே இரண்டரை வருஷம் ஆகுமே. அக்கரைக்காரர்கள் பாவம் ஐயா."

"அப்படியானால் ராகு என்று வைத்துக்கொள்."

"ஐயா, நாளைக்குச் சேனாதிபதி வேறு யார் பெயரையாவது சொல்லிவிட்டால்... உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன்... தங்கள் மகன் பெயரையே..."

ஜோசியர் பதறினார். சுற்றும் முற்றும் பார்த்தார். எழுத்தாணியை வாங்கிக்கொண்டார். "பெயர் எழுதமாட்டேன். அடையாளம் மட்டும்தான்." எழுதியது இது: *கிழக்கு மாடத்தில் வசிப்பவன். வெண்பட்டுத் தலைப்பாகை. நாலாவது துடுப்பு.*

ஊசிநாதன் ஓலையை மடியில் செருகிக்கொண்டு நேராக அரண்மனைக்குப் போனான். நாட்டில் கிழக்கு மாடம் என்று ஒன்றுதான் உண்டு.

ராஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இளவரசருக்கு ஜுரமாமே, மகாராஜா?" என்றான் ஊசிநாதன்.

"ஆமாம், மூன்று நாளாகத் தும்மல். ஆற்றுத் தண்ணீர் சேரவில்லை... அதாவது, கிணற்றுத் தண்ணீர். மகாராணி சுக்குக் கஷாயம் கொடுக்கிறாள்." ராஜா அப்பளத்தை நொறுக்கினார். அப்பளம் தீர்ந்ததும் ராஜா தானாகவே பேச ஆரம்பித்தார். "ஊசி, உன்னிடம் சொல்வதில் என்ன? என் பிள்ளை தானாக ஒரு எறும்பைக்கூட மிதிக்கமாட்டான். எல்லாம் அந்த மந்திரி மகனால் வந்தது. அவனோடு சேர்ந்துதான்..."

"அதாவது, சேர்க்கை சரியில்லை."

"அதேதான்!"

"அடையாளத்துக்காக ஓலையில் எழுதித் தரமுடியுமா மகாராஜா? மந்திரி மகன் என்று மட்டும். என் வாயால் ஒருவரிடமும் சொல்லமாட்டேன்."

மந்திரி மகன் மாட்டினால் ராஜாவுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எழுதினார். பழக்க தோஷத்தால் மோதிர முத்திரையையும் வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் சபையில் கூட்டம் தாங்கவில்லை. சேர்க்கையைப் பார்க்க ஊரே வந்திருந்தது. சேர்க்கையை அடையாளம் காட்ட உத்தமப் பிள்ளைகள் சாட்சியாக வரவேண்டும் என்று ஊசிநாதன் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தான். இளவரசர் ராஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் பட்டு உடுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசி, அப்போதுதான் தேவாரம் பாடி முடித்தவர்களைப்போல் வந்து நின்றார்கள். மாதம்மா ஒரு மூட்டையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தோற்றால் அப்படியே கிளம்பிவிடலாம் என்று சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

சபை நடுவில் ஊசிநாதன் சுண்ணாம்பால் ஒரு வட்டம் வரைந்தான். "எங்கே சேர்க்கை?" என்றார் மந்திரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"வருகிறான் ஐயா. ஒவ்வொருவராகத்தான் வருவான். குணசீலத் தம்பி, வட்டத்துக்குள் வாருங்கள்." குணசீலன் வந்தான். "மந்திரியாரே, இது யார்?"

"என் மகன். தங்கம்."

அடுத்து சாந்தரூபன் வந்தான். அவனும் தங்கம். சுபசகுனனும் தங்கமே என்றார் ஜோசியர். ஊசிநாதன் சிம்மாசனத்தைப் பார்த்து வணங்கினான். "இன்னும் ஒரு ஆள் இடம் இருக்கிறது. இளவரசர் தயவு செய்தால், வட்டம் நிறையும்." இளவரசர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். இளவரசர் இறங்கிவந்து நின்றார். ஒரு தும்மல் போட்டார்.

"அது யார், மகாராஜா?"

"என் மகன்" என்றார் ராஜா. "தங்கம்" என்று சேர்த்துக்கொண்டார், கொஞ்சம் மெதுவாக.

"தனித்தனியே பார்த்தால் நாலும் தங்கம், பெற்றவர்களே சாட்சி. இப்போது நாலும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. சேர்ந்தால் என்ன? சேர்க்கை! மகாராஜா, தாங்கள் கேட்ட ஆசாமி இதோ நிற்கிறான். எட்டுக் கால், எட்டுக் கை. பரிசலின் அளவுக்குத்தான் வட்டம் போட்டேன், சரியாகப் பொருந்துகிறது."

"அதே நாலு தலைதான் சாமி!" என்று மாதம்மா எழுந்துவிட்டாள். "அந்த ஓரத்துத் தலை நல்லா அடர்த்தி, புடிக்க வாட்டமா இருந்துச்சு."

இளவரசர் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டார்.

"அக்கிரமம்! சொல்விளையாட்டு!" என்று மூன்று தகப்பன்மாரும் குதித்தார்கள். "ஆதாரம் எங்கே?"

"நான் வாய் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றான் ஊசிநாதன். நாலு ஓலைகளை எடுத்துச் சபையில் ஓலை வாசிக்கும் கிழவரிடம் கொடுத்தான். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் குரல் பெரிது.

"என் மகனைக் கெடுத்த சேர்க்கை, சேனாதிபதி மகன் சாந்தரூபன். இப்படிக்குத் தலைமை மந்திரி!"

"என்னது!" சேனாதிபதி உறைவாளில் கைவைத்தார். "என் பிள்ளையா? ஓய் மந்திரி, உம் பிள்ளை பழக்கூடையில் குதிரை விட்டபோது மூடி மறைத்தது யார்?"

"சேர்க்கை, ஜோசியர் மகன் சுபசகுனன். இப்படிக்குச் சேனாதிபதி!"

"அடப்பாவி!" என்று ஜோசியர் அலறினார். "உமக்கு நல்ல நாள் பார்த்துக் கொடுத்தேனே, இனிமேல் பார்த்துக்கொள்ளும்!"

"கிழக்கு மாடத்தில் வசிப்பவன்" என்று கிழவர் மூன்றாவதை ஆரம்பித்ததும் ஜோசியர் அலறலை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். "வெண்பட்டுத் தலைப்பாகை. நாலாவது துடுப்பு!"

ராஜா சிம்மாசனத்தில் எழுந்து நின்றுவிட்டார். "என் மகனையா? எவ்வளவு துணிச்சல்! அடே ஜோசியா, உன்னை..."

"இன்னும் ஒரு ஓலை இருக்கிறது" என்று கிழவர் ஒரு சத்தம் போட்டு வாசித்தார். "என் மகன்மேல் குற்றமில்லை. சேர்க்கை, மந்திரி மகன் குணசீலன். இப்படிக்கு..." கிழவர் முத்திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். மறுபடி பார்த்தார். இந்தத் தடவை குரல் மிகவும் சின்னதாக வந்தது. "இப்படிக்கு, மகாராஜா."

ஊசிநாதன் சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மந்திரியார் சேனாதிபதியைக் காட்டினார். சேனாதிபதி ஜோசியரைக் காட்டினார். ஜோசியர் அரண்மனையைக் காட்டினார். அரண்மனை மறுபடி மந்திரியைக் காட்டியது. பரிசலுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அன்றைக்குக் கேட்டீர்களே, மகாராஜா. நாலு பேர் நாலு பக்கம் துழாவினால் அது ஏன் சுற்றுகிறது என்பது இப்போது புரிகிறதா?"

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, குணசீலன் குழந்தை. இன்னும் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடத் தெரியாது. அவனைப்போய் ஆற்றங்கரையில்..."

"ஐயா, ஐயா!" என்று ஊசிநாதன் குறுக்கிட்டான். "ராஜமுத்திரை வைத்த தண்டனை ஓலையில் கடைசி வரி தங்களுடையதுதான். பரிந்து பேசுகிறவனுக்கும் அதே தண்டனை. இப்போது பேசியது பரிதலா, சும்மா சொன்னதா?"

மந்திரி வாயை மூடினார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. சபை முழுக்கக் கேட்டாயிற்று. சேனாதிபதி முதல் ஆளாகச் சொன்னார்: "பரிந்துதான் பேசினார். நான் சாட்சி."

இளவரசர் ஈரக்கண்ணோடு அப்பாவைப் பார்த்தார். ராஜாவின் உதடு லேசாகப் பிரிந்தது. "அவன்..."

"மகாராஜா," என்றான் ஊசிநாதன் பணிவாக, "தாங்கள் பரிந்து பேசுகிறீர்களா, கொட்டாவி விடுகிறீர்களா?"

ராஜா மாதம்மாவைப் பார்த்தார். அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாகத் தும்முகிற தன் மகன் தும்முவதற்கு உயிரோடு இருப்பதே இவள் முடியைப் பிடித்து இழுத்ததால்தான் என்பது ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொட்டாவிதான்" என்றார். பெரிதாக ஒரு கொட்டாவியும் விட்டுக் காட்டினார். "துறை மாதம்மாவுக்கே. ஓலையில் உள்ளபடி நடக்கட்டும்."

அன்றைக்கே ஐந்து பேர் செருப்பில்லாமல் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். நாலு பிள்ளைகள், ஒரு மந்திரி.

முதல் பரிசல் தண்ணீரில் வைத்ததும் முழுகியது. இரண்டாவது பாதி ஆறு வரை வந்து முழுகியது. "பின்னறப்ப என்னடா பேச்சு? மூங்கிலப் பாரு, வானத்தப் பாக்காதே" என்று மாதம்மா போட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்கும். "மந்திரியாரே, நீங்களுந்தான். பரிசலுக்கு முன்பக்கம் எதுன்னு கேட்டீங்களே, இப்ப உங்களுக்கு முன்னால இருக்கறதுதான் முன்பக்கம், அத இறுக்கிக் கட்டுங்க." மூன்றாவது பரிசல் முழுகவில்லை. ஆடு அதில் ஏறமட்டும் மறுத்துவிட்டது.

நாற்பத்தெட்டாம் நாள் ராஜா துறைக்கு வந்தார். அக்கரைக்குப் போகவேண்டும் என்று பரிசலில் ஏறி உட்கார்ந்தார். ஊசிநாதனும் மாதம்மாவும் ஏறினார்கள். பையன்கள் துடுப்புப் போட்டார்கள். நாலு பேருக்கும் கையில் காப்புக் காய்த்திருந்தது. மந்திரி கரையில் நின்றார். அவர் இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

நடு ஆற்றில் பரிசல் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. ராஜா விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "யாரால் சுற்றுகிறது? யார் துடுப்பு?" என்று கத்தினார்.

ஊசிநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நாலு பையன்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான்தான்பா" என்றார் இளவரசர். "என் துடுப்புதான் தப்பு. வலிச்சது போதும்னு கையை விட்டுட்டேன்." சொல்லிவிட்டுத் துடுப்பை ஆழமாகப் போட்டு இழுத்தார். பரிசல் சுற்றுவதை நிறுத்தி, அக்கரையைப் பார்த்து நகர்ந்தது.

"அப்படிச் சொல்லு தம்பி" என்றாள் மாதம்மா. "இனிமே பரிசல் போய்ச் சேந்துடும்."

ராஜா மகனைப் பார்த்தார். பிறகு, அன்றைக்குச் சபையில் தான் விட்ட கொட்டாவி நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, சிரிக்க ஆரம்பித்தார். பரிசல் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஊசிநாதன் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"ஒன்றே ஒன்றுதான் மகாராஜா" என்றான் ஊசிநாதன், விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "கரை வருகிறவரைக்கும் சிரிக்காமல் இருங்கள். எனக்கு நீந்தத் தெரியாது."

ராஜா அதற்கும் சிரித்தார்.